மாடிக்கு வந்த மூவர்



சுரக்குடியில் நம் தோழர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். கூட்டத்திற்கு நாற்காலி சுமப்பதிலிருந்து தேர்தல் நாளில் பொழுது சாயும் வரை வாக்குச்சாவடி வாயிலில் நிற்பது வரை எல்லாவற்றையும் ஓசையின்றிச் செய்பவர்; தம் பெயர் ஏட்டில் வருவதை விரும்பமாட்டார். ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மச்சு வீடு கட்டினார். கையிலிருந்த சேமிப்பு தளம் போடும்போதே தீர்ந்தது. கடன் வாங்கி மேலே ஒரு மாடியும் எழுப்பினார். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு குளியலறை. கீழே குடும்பம், மேலே வாடகை. அந்த வாடகை வந்தால்தான் கடனுக்கு மாதத் தவணை போகும். மாளிகைக்காரர் அல்லர், மாதம் பிறந்தால் கலங்குகிறவர்.

மாடி காலியாக இருந்தது. மூவர் வந்தனர். ஒருவர் தொழிற்கூடம் ஒன்றில் மாதச் சம்பளத்திற்கு வேலை பார்ப்பவர். இரண்டாமவர் கல்லூரி மாணவர். தந்தை குத்தகைச் சாகுபடிக்காரர், வீட்டிலிருந்து பணம் வருவது அறுவடையை ஒட்டித்தான். மூன்றாமவர் வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை செய்பவர். வேலை உள்ள நாளில் கூலி உண்டு, இல்லாத நாளில் இல்லை. மூவரும் ஒரே பள்ளியில், ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர்கள். வாடகை ஆறாயிரம் ரூபாய். அதை அவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளப் போவதில்லையாம். சம்பளக்காரர் மூவாயிரம், மின் வேலைக்காரர் இரண்டாயிரம், மாணவர் ஆயிரம். "அவனவனுக்கு முடிந்தது அதுதான் ஐயா" என்று சிரித்தார்களாம்.

நம் தோழருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே படிப்பகத்திற்கு வந்து என்னைத் தனியே அழைத்தார்.

"மூவருக்கும் சேர்த்து விடுவதா? சம்பளம் வாங்கும் பிள்ளையின் பெயருக்கு மட்டும் எழுதிக்கொண்டு, மற்ற இருவரையும் அவன் பாடு என்று விட்டுவிடுவதா? மாணவனிடம் தகப்பனார் ஜாமீன் கேட்கலாமா? கூலிக்காரப் பிள்ளையிடம் பத்து மாத முன்பணம் கேட்கச் சொல்கிறார்கள், கேட்கட்டுமா?"

சற்று நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கள் மைத்துனர் இன்னொன்றும் கேட்கச் சொல்கிறார்: மூவரும் எந்தத் தெரு என்று" என்றார்.

ஒரு மாடிப் போர்ஷன் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஏட்டில் ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். நாட்டில் பேசுவதற்கு வேறு இல்லையா? உண்டு. எனினும், நாம் மேடையில் பேசுகிற சமத்துவம் மாடிப்படி ஏறுகிறதா, முதற்படியிலேயே நின்றுவிடுகிறதா என்பதை அறிய இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மேடையில் கேட்போர் ஆயிரம் பேர். மாடிப்படியில் நம்மைப் பார்ப்பவர் எவருமிலர்.

காரைக்கால் பகுதி இன்று முன்பு போல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1987-இல் வேளாண் கல்லூரி வந்தது. 2009-இல் வாஞ்சூரில் தனியார் துறைமுகம் எழுந்தது. 2010-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 2016-இல் ஜிப்மர் இங்கே ஒரு கிளை விரித்தது. படிக்க வருவோர், பணிக்கு வருவோர், கட்டடம் கட்ட வருவோர் என்று வெளியூர்க் கால்கள் பெருகின. முன்பு வயலும் வாய்க்காலும் பேசிய ஊர்களில் இன்று 'வாடகைக்கு' என்ற அட்டை தொங்குகிறது. நேற்றுவரை குத்தகை கொடுத்தவன் வீட்டு மாடியில் இன்று குடிவைக்கிறான். அதாவது வாங்குகிற பக்கத்திற்கு வந்துவிட்டான். இந்த மாறுதலை நம் இயக்கம் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

டெல்டாவில் பிறந்த நமக்கு, குடியிருக்கும் இடம் எப்படிப்பட்ட ஆயுதம் என்று எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பண்ணையாள் நின்ற மனை பண்ணையாருடையது. கூலி உயர்வு கேட்டால் மனையை விட்டு எழுந்திரு என்பார். நெல்லுக்காக வாய் திறந்தவன் கூரையை இழந்தான். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிந்ததும், 1971-இல் தமிழகம் குடியிருப்பு மனையைக் குடியிருந்தவனுக்கே சொந்தமாக்கிச் சட்டம் செய்ததும் ஒரே கதையின் ஏடுகள். நிலம் வைத்திருந்தவன் கூரையையும் வைத்திருந்தான் என்பதே அந்தக் கதை.

அந்தக் கதையை உணர்ச்சியோடு சொல்லிக் கைதட்டல் பெற்ற நாம், இன்று நம் கையில் ஒரு சாவி வந்ததும் என்ன கேட்கிறோம்?

பெர்னாட்ஷா 1892-இல் அரங்கேற்றிய முதல் நாடகம் ஒன்று உண்டு: 'விடோயர்ஸ் ஹவுசஸ்'. ட்ரெஞ்ச் என்ற இளம் மருத்துவன், தான் மணக்கவிருக்கும் பெண்ணின் தந்தை சேரி வீடுகளை வாடகைக்கு விட்டுப் பணம் குவித்தவர் என்று அறிகிறான். அந்தப் பணத்தைத் தொடமாட்டேன் என்று துள்ளுகிறான். கிழவரோ பதறவில்லை. 'உன் வருமானம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அதே வீடுகளின் மேல் கொடுத்த அடமானக் கடனுக்கு வட்டி!' என்கிறார். இளைஞன் வாயடைத்து நிற்கிறான். ஷா அவனைத் தியாகியாக்கி மேடையை விட்டு அனுப்பவில்லை. அவனும் அந்தக் கூட்டத்தில் பங்காளியாகி விடுவதாகவே முடிக்கிறார். நம்மைப் பற்றி எழுதியது போல் இருக்கிறதே என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

சரி, தோழர் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

வாடகை தர முடியுமா என்று கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டா? உண்டு. இதை மறைத்துப் பேசுவது பொய்ப் புரட்சி. தவணை கட்ட வேண்டியவர் அவர். வாடகை நின்றால் வழக்கு மன்றம் போக வேண்டியவர் அவர். அங்கே ஆண்டுகள் உருளும். வக்கீல் கட்டணம் வாடகையை விழுங்கும். ஏழை வீட்டுக்காரரை ஏமாற்றுவதைப் பாட்டாளிப் போராட்டம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. கேட்கலாமா என்பதில் சிக்கல் இல்லை. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில்தான் சிக்கல்.

மூவர் சேர்ந்து ஒரு வீட்டிற்கு வரும்போது, அளக்க வேண்டியது மூவரின் கூட்டு வருமானத்தை. ஒவ்வொருவனையும் தனித்தனியே தராசில் நிறுத்தி, 'நீ முழு வாடகைக்கும் தாங்குவாயா?' என்று கேட்டால், சம்பளக்காரன் ஒருவன் தேறுவான். மற்ற இருவர் தோற்பர். அவர்கள் சேர்ந்து வந்ததே தனியே தாங்க முடியாது என்பதால்தானே! நியூயார்க் நகரத்து வீட்டுக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மாத வாடகையைப் போல் நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் வேண்டும், இல்லையேல், எண்பது மடங்கு வருமானமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். முதலாளித்துவத்தின் தலைநகரம், கணக்கும் அதற்கேற்ற இரும்புக் கணக்கு. அங்கேயும்கூட அறைத் தோழர்கள் சேர்ந்து வந்தால் வருமானத்தைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். வால் தெருவின் நிழலில் இருப்பவன் கூட்டிப் பார்க்கிறான். சுரக்குடியில் நாம் கழித்துப் பார்க்க வேண்டுமா?

அடுத்து, எதைக் கொண்டு அளப்பது? சம்பளச் சீட்டு ஒரு சான்று. அது ஒன்றே சான்று என்றால் இந்த நாட்டில் உழைப்பவரில் பெரும்பாலோர் வீடில்லாதவரே. கொத்தனாருக்குச் சீட்டு ஏது? மீனவருக்கு ஏது? நாற்று நடும் பெண்ணுக்கு ஏது? கூலிக்காரனின் நாணயத்திற்கு வேறு சான்றுகள் உண்டு. முன்பு குடியிருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகத் தந்தானா? மளிகைக் கடையில் பற்று வரவு எப்படி? வேலை கொடுத்தவர் திரும்ப அழைக்கிறாரா? இவற்றைக் கேட்டறிய ஒரு மாலைப் பொழுது போதும். சம்பளச் சீட்டைப் பார்க்க ஒரு நொடி போதும் என்பதால்தான் சீட்டைக் கேட்கிறோம். சோம்பலுக்கு முன்யோசனை என்று பெயரிட்டுக் கொள்கிறோம்.

நாணயமானவனுக்கும் வருமானம் மாதந்தோறும் வராது. குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில். சம்பா அறுவடை தையில். குத்தகைக்காரரின் மகனிடம் ஆடி மாதம் ஐந்தாம் தேதி வாடகை எங்கே என்று கேட்டால் அவன் எங்கே போவான்? அவன் பங்கு ஆயிரம் ரூபாய். அறுவடைக் காலத்தில் சில மாதப் பங்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ரசீது தந்து, காய்ந்த மாதங்களில் கேளாமல் இருந்தால் தோழருக்கு என்ன குறை? காவிரி பொய்த்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. காவிரி பொய்த்தால் சம்பளக்காரர் தவிர இந்த ஊரில் யார்தான் தவணை கட்டுவார்?

இப்போது 'ஒருவன் பெயருக்கு மட்டும் எழுதிக்கொள்' என்ற யோசனை. வீட்டுக்காரருக்கு இது எளிது. ஒரே கழுத்தைப் பிடித்தால் போதும். மேலே என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சம்பளக்காரன் குடியிருப்பவன், மற்ற இருவரும் அவன் தயவில் ஒண்டியிருப்பவர்கள். ஒரு சிறு பிணக்கு வந்தால், 'வீடு என் பெயரில் இருக்கிறது, வெளியே போ' என்று சொல்லும் அதிகாரம் அவனுக்கு. நேற்றுவரை தோழன், ஒப்பந்தத் தாள் அவனை இடைத்தரகன் ஆக்கிவிட்டது. ஒரு வீட்டில் ஒரு வீட்டுக்காரர் போதாதென்று இன்னொருவரையும் உண்டாக்கிவிட்டோம்! பண்ணையில் மிராசுதாருக்கும் ஆளுக்கும் நடுவே நின்ற காரியக்காரர்களை நாம் மறக்கவில்லை. அவர்களும் பிறக்கும்போது காரியக்காரர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். அந்த இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள்.

மூவர் பெயரும் தாளில் ஏற வேண்டும். ஏறினால் போதுமா? இங்கேதான் சட்டம் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது; நம் தோழர்கள் பலர் அறியாத குழி.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு சொல்வது இது: பலர் கூடி ஒரு வாக்குறுதி தந்தால், மாறாக எழுதாதவரை, அதை முழுவதுமாக நிறைவேற்றும்படி அவர்களில் எவனையும் கட்டாயப்படுத்தலாம். ஆயிரம் ரூபாய்ப் பங்கு கொண்ட மாணவனிடமே ஆறாயிரத்தையும் கேட்கலாம்! கொடுத்தவன் பிறகு மற்றவர்களிடம் வசூலித்துக் கொள்ளட்டும் என்கிறது சட்டம். எப்படி வசூலிப்பது? மாறாக எழுதாதவரை, சமமாக. மூவாயிரம், இரண்டாயிரம், ஆயிரம் என்று நண்பர்கள் வாய்ப்பேச்சில் வைத்துக்கொண்டதற்குச் சட்டத்தின் முன் மதிப்பு தேட வேண்டியிருக்கும். ஒருவன் ஓடிவிட்டால் அவன் விட்ட துண்டையும் எஞ்சியோர் சமமாகச் சுமக்க வேண்டும். சமத்துவம் என்ற சொல் எவ்வளவு விந்தையான இடத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்! உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் சம சுமை.

காரைக்கால்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1739-இல் வந்த பிரெஞ்சுக்காரன் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சியை ஒப்படைத்தான். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 அன்று முடிந்தது. அவன் கொண்டுவந்த 1804-ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் நேர்மாறாகப் பேசியது: கூட்டுப் பொறுப்பைத் தானாக ஊகிக்கக் கூடாது, வெளிப்படையாக எழுதினால்தான் உண்டு. எழுதாவிட்டால் அவனவன் பங்குக்கு அவனவன் பொறுப்பு. பிரெஞ்சுக்காரனின் பீரங்கியையும் வரியையும் நான் வாழ்த்தவில்லை; அவன் போனது நல்லதே. போகும்போது இந்த ஒரு வரியை நாம் பிடித்து வைத்திருக்கலாம்.

ஏழையை நினைத்து எழுதிய வரியா அது? அல்ல, வணிகரும் சொத்துடையோரும் தங்களுக்காக எழுதியதுதான். ஏழையை நினைத்துப் பிற்காலத்தில் அங்கே வந்த விதிகள் வேறு. அவற்றைப் போராடிப் பெற்றார்கள். 1954-ஆம் ஆண்டுக் குளிரில் தெருவில் மனிதர் மடிந்தபோது அபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் முறையிட்டார், நாடு கலங்கியது. 1956-இல் குளிர்காலத்தில் குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. பாதிரியார் சொன்னார் என்பதால் நாம் அந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை! 1989-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை அடியாகக் கொண்டு, 2015-இல் ஓர் ஆணை பிறந்தது: குடிவர விரும்புவோரிடம் வீட்டுக்காரர் எந்தெந்த ஆவணங்களைக் கேட்கலாம் என்று பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலுக்கு வெளியே கேட்கக் கூடாது. வங்கிக் கணக்கின் வரவு செலவைக் காட்டு என்று கேட்க முடியாது. 2014-இல் இன்னொரு திருத்தம், நம் மூவரைப் போன்றவர்களுக்காகவே செய்தது போன்றது: கூடிக் குடியிருப்போரில் ஒருவர் முறைப்படி அறிவித்து வெளியேறினால், அவருக்குப் பதில் ஒருவர் வந்தவுடன் அவருடைய கூட்டுப் பொறுப்பு தீரும், எவரும் வராவிட்டாலும் ஆறு மாதத்தில் தீரும். 2016-இல் இளைஞர்களுக்கும் நிலையற்ற வேலைக்காரர்களுக்கும் கட்டணமின்றி ஜாமீன் நிற்கும் திட்டம் ஒன்றும் தொடங்கியது. தகப்பன் பணக்காரனாக இருந்தால்தான் மகனுக்கு அறை என்ற நிலையை அது சற்றே தளர்த்தியது.

இங்கே நிலைமை என்ன? புதுச்சேரிக்கு 1969-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றது. சென்னையோ பத்து மாதம் வாங்கிக்கொண்டே இருந்தது! 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அளவை மூன்று மாதமாக்கியது. மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்றது. ஒன்று, மூன்று, இரண்டு: எண்கள் ஏறி இறங்குகின்றன, வீடு தேடுபவன் காதில் விழுவதோ இன்றும் 'பத்து மாதம்' என்பதுதான்.

பத்து மாத முன்பணம் என்பது என்ன? நம் மின் வேலைக்காரர் பங்குக்கு இருபதாயிரம். அதை அவர் எங்கே பெறுவார்? வட்டிக்கடையில். வீட்டுக்காரர் கையில் வட்டியின்றித் தூங்கப்போகும் பணத்திற்கு அவர் மாதாமாதம் வட்டி கட்டுவார். அவர் உண்மையில் தரும் வாடகை இரண்டாயிரம் அன்று, வட்டியும் சேர்ந்தது. உள்ளவனுக்கு வாடகை மலிவு, இல்லாதவனுக்கு அதே அறை, அதே சுவர், அதே குழாய்த் தண்ணீர், விலை கூடுதல்! ஒழுங்காகக் கட்டமாட்டானோ என்ற ஐயத்தால் அவன் மேல் ஏற்றிய சுமையே அவனை ஒழுங்காகக் கட்ட முடியாதவனாக்குகிறது. தோழரிடம் நான் ஒரு மாதம் என்றேன். அவர் இரண்டு மாதம் என்றார். இரண்டு மாதத்திற்கு நான் வாதாடவில்லை. அவருக்கும் தவணை இருக்கிறது.

இனி, மைத்துனர் கேட்கச் சொன்ன கேள்வி.

'எந்தத் தெரு?' எவ்வளவு மென்மையான கேள்வி! சாதி என்ற சொல்லே அதில் இல்லை. 'சைவமா, அசைவமா?' என்பது அதன் உடன்பிறப்பு. 'குலதெய்வம் எது?' என்பது இன்னொன்று. 1957-இல் சென்னையில் உணவு விடுதிப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் சிறை சென்றனர். சொல் போயிற்று. இன்று அதே நகரத்தில் வீட்டுக் கதவுகளில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று தொங்குகிறது. அழித்த சொல் வேறு எழுத்தில் திரும்பி வந்திருக்கிறது. இலண்டனிலும் 1950-களில் சன்னல்களில் நிறத்தவருக்கு இடமில்லை என்று அட்டை வைத்தார்கள். 1968-இல் இனவுறவுச் சட்டம் வீட்டு வாடகைக்கும் நீண்ட பிறகு அட்டை இறங்கியது. 'சற்று முன்புதான் வேறொருவர் எடுத்துக்கொண்டார்' என்ற இனிய குரல் அதன் இடத்திற்கு வந்தது. கேட்டிருக்கிறோமே அந்தக் குரலை, நம் தெருவிலும்!

இந்த நாட்டில் தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்த ஊரிலும் எந்தப் பகுதியிலும் வீடு பெற்றுக் குடியிருப்பதைத் தடுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்ற அதே சட்டம். தோழரின் மைத்துனர் இதை அறிந்திருக்க மாட்டார். அறிந்தாலும், 'நான் தடுக்கவில்லையே, தெருவைத்தானே கேட்டேன்' என்பார். பண வசதியைப் பற்றிய விசாரணை பல இடங்களில் இதற்கு முகமூடியாக உதவுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 'அவர்களுக்கு நிலையான வருமானம் இல்லை' என்று சொல்லிவிட்டால் எவரும் குறைகூற மாட்டார்கள். அதே வருமானமுள்ள உறவுக்காரப் பையன் வந்தால், நிலை தானாகவே வந்துவிடும்!

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி வருகிறது, இலட்சக்கணக்கில் கூட்டம். அன்று சுற்றுப்புறத்தில் அறை வாடகை என்ன ஆகிறது, திண்ணைகூட எப்படி அறையாகிறது என்று உங்களுக்குத் தெரியும். அன்று யாராவது எந்தத் தெரு என்று கேட்கிறார்களா? ஓர் இரவு, ஒரு தொகை, சாவி கைமாறுகிறது. கோள் பெயரும் நாளில் சாதி பார்க்க நேரமில்லை. கோள் அமர்ந்ததும் திரும்பி வந்துவிடுகிறது. இதிலிருந்து சனியின் ஆற்றலை அறிவதா, பணத்தின் ஆற்றலை அறிவதா என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் நல்லவராகிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல வரவில்லை. 1872-இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோதே அந்த மயக்கத்தைக் கலைத்துவிட்டார். 1915-இல் கிளாஸ்கோ நகரில் வாடகையை உயர்த்தியபோது மேரி பார்பர் தலைமையில் பெண்கள் திரண்டு, வாடகை தரமாட்டோம் என்று நின்றார்கள். அமீனா வந்தால் மணியடித்துத் தெருவையே கூட்டினார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகைக்கு வரம்பு கட்டியது. மூன்றாண்டில் பம்பாயிலும் அத்தகைய சட்டம் வந்தது. சட்டம் தெருவிலிருந்து மன்றத்திற்குப் போனது, மன்றத்திலிருந்து தெருவிற்கு வரவில்லை. நம் மாநாட்டுத் தீர்மானங்களில் இலவச மனைப் பட்டா உண்டு. வாடகைக்குக் குடியிருப்போர் பற்றி எத்தனை வரி உண்டு? பணிக்கு வரும் இளைஞர்களுக்கு அரசு விடுதி. கூலிக்காரருக்கும் மாணவருக்கும் அரசே ஜாமீன் நிற்க ஒரு நிதி. கேட்கக் கூடாத கேள்விகளின் பட்டியல். பங்கு எழுதப்படாத இடத்தில் அவனவன் பங்கிற்கே பொறுப்பு என்ற திருத்தம். இவற்றைப் புதுச்சேரிச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர்கள் நாம்.

அதுவரை தோழர் மாடியைப் பூட்டி வைக்க முடியாது. ஆகவே இருவரும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். மூவர் பெயரும், மூவர் பங்கும் எண்ணால், எழுத்தால். அவனவன் பங்கிற்கு அவனவன் பொறுப்பு என்று ஒரு வரி. அந்த வரியை எழுதும்போது தோழர் பேனாவைச் சற்று நேரம் தூக்கியபடியே இருந்தார். எனக்கு அது புரிந்தது. ஒருவன் பங்கு நின்றால் இரண்டு மாதம் வரை முன்பணத்தில் கழித்துக்கொள்வது, அதற்குள் நண்பர்கள் வேறொருவரைக் கொண்டுவருவது, வருபவரைத் தோழர் பார்த்து ஒப்புக்கொள்வது என்று அடுத்த வரி. அப்படியும் மாடியில் ஓர் இடம் காலியாகவே நின்றால் அந்த இழப்பில் பாதி வீட்டுக்காரருக்கு, பாதி எஞ்சியவர்களுக்கு, அவரவர் பங்கு வீதத்தில். பெறும் பணத்திற்கு மூன்று தனி ரசீது. மாணவனுக்குத் தையிலும் ஐப்பசியிலும் முன்கூட்டிக் கட்டும் ஏற்பாடு. தெரு பற்றி எதுவுமில்லை.

"மைத்துனர் கேட்டால்?" என்றார் தோழர்.

"உங்கள் தெருவைச் சொல்லுங்கள்" என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூவரும் குடிவந்துவிட்டார்கள். இரண்டு மாத வாடகை வந்திருக்கிறது. இரண்டாம் மாதத்தில் மின் வேலைக்காரரின் பங்கு பன்னிரண்டு நாள் தாமதம், மழை, வேலையில்லை. தோழர் எனக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, கவலை இருந்தது. மூன்றாம் மாதம் எப்படியோ பார்ப்போம்.

வாடகைக்கு வீடு விடும் தோழர்கள், விட்டிருக்கும் தோழர்கள், அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உங்கள் உங்கள் ஊர்ப் படிப்பகத்திற்கு ஒப்பந்தத் தாளை எடுத்து வாருங்கள். குடியிருக்கும் தோழர்களும் தங்கள் தாளை எடுத்து வாருங்கள். தாளே எழுதாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள். அவர்களே மிகுதியாக இருப்பார்கள். ஒன்றன்பின் ஒன்றாக உரக்கப் படிப்போம். எந்த வரியில் நமக்கே கூச்சம் வருகிறது என்று பார்த்து, அந்த வரியைக் குறித்துக்கொண்டு மாவட்டக் குழுவிற்கு அனுப்புங்கள்.